ஒப்பந்தம் இங்கிலீஷில், சட்டம் பிரெஞ்சில்

“தம்பி, இதுல ஒரு வருஷம்னுதானே போட்டிருக்கு? கட்டி நாலு வருஷம் ஆயிடுச்சே. இனிமே கேக்க முடியுமா?”

கேட்டவர் மொரீஷியஸின் வடக்குப் பக்கம் ஒரு கோவில் கமிட்டியின் தலைவர். கோவிலை ஒட்டிக் கட்டிய மண்டபத்தில், தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பு வழியாகச் செருகிப் பார்த்தேன், நுழைந்தது. பூச்சு விரிசல் என்று விட்டுவிடக்கூடிய அகலம் இல்லை அது. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் நாற்பது பக்க ஒப்பந்தம், எல்லாம் ஆங்கிலத்தில். பழுது பார்த்துத் தரும் காலம் 365 நாள் என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு. காண்டிராக்டரிடம் போய்க் கேட்டபோது அவர்தான் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

கேட்கலாம் ஐயா, கேட்டே ஆக வேண்டும் என்றேன். அந்த நாற்பது பக்கத்தில் எங்குமே இல்லாத ஒரு விதி அவர் பக்கம் இருந்தது. இந்தத் தீவின் கோட் சிவில், அதாவது உரிமையியல் சட்டத் தொகுப்பு, அதன் 1792ஆம் பிரிவில் சொல்கிறது: கட்டிய கட்டடம் முழுதாகவோ பகுதியாகவோ கட்டுமானக் குறையால் கெட்டால், அது அடியில் இருக்கும் மண்ணின் குறையாகவே இருந்தாலும், வடிவமைத்தவரும் கட்டியவரும் பத்து வருஷத்துக்குப் பொறுப்பு.

கட்டுமான அளவுக் கணக்கும் ஒப்பந்த வேலையுமாக இந்தத் தீவில் பல வருஷம் ஓட்டிவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட, ஒப்பந்தத்துக்கும் அதன் அடியில் கிடக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் விரிசல்தான் இங்கே நம் ஆட்களுக்கு அதிகப் பணத்தைச் சாப்பிட்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மொரீஷியஸில் கொஞ்சம் பெரிய கட்டட வேலை என்றால் மேசைக்கு வருவது ஃபிடிக் ஒப்பந்தம். ஃபிடிக் என்பது ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. 1913இல் தொடங்கியது, இப்போது ஜெனீவாவில் இருக்கிறது. ‘சிவப்புப் புத்தகம்’ என்று புகழ்பெற்ற அதன் மாதிரி ஒப்பந்தம் முதலில் வந்தது 1957இல். பெயர் பிரெஞ்சு, அலுவலகம் சுவிட்சர்லாந்து, ஆனால் அந்த ஒப்பந்தத்தின் தாய் இங்கிலாந்து சிவில் எஞ்சினியர்கள் வைத்திருந்த மாதிரி ஒப்பந்தம். அந்தப் பிறப்பு அதன் ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

ஆங்கிலேயச் சட்டத்தில் கட்டட வேலை என்றால் இன்னின்ன கடமை என்று சட்டமே உட்கார்ந்து வரிசையாகச் சொல்லாது. இரண்டு தரப்பும் என்ன எழுதினார்களோ அதைத்தான் நீதிபதி பிரித்துப் பார்ப்பார். அதனால் அங்கே ஒப்பந்தம் நீளமாக இருக்கும், எழுதாமல் விட்டது பெரும்பாலும் இல்லாததுதான். பிரெஞ்சு வழிச் சட்டத்தில் கதை வேறு. வாங்கல் விற்றல், வாடகை, வேலையை ஒப்படைத்துச் செய்விப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கோட் சிவிலே விதிகளை எழுதி வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும், எழுதாமல் விட்ட இடத்தையெல்லாம் சட்டம் வந்து நிரப்பிவிடும். சில இடங்களில் எழுதியதையும் அடித்துவிடும்.

பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட தீவில் பிரெஞ்சுச் சட்டம் எப்படி வந்தது என்று ஊரிலிருந்து புதிதாக வருகிற எஞ்சினியர்கள் கேட்பார்கள். நெப்போலியனின் சட்டத் தொகுப்பு பிரான்சில் 1804இல் வந்தது, மறு வருஷமே ஆளுநர் தெக்கேன் காலத்தில் இங்கே வந்துவிட்டது. 1810 டிசம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் தீவைப் பிடித்தபோது, இங்கே இருந்தவர்கள் தங்கள் மதத்தையும் சட்டத்தையும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று சரணடைவு உடன்படிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்த வாக்கு இன்றுவரை நிற்கிறது. நீதிமன்ற நடைமுறை ஆங்கிலேய வழி, தீர்ப்பு ஆங்கிலத்தில், ஆனால் தீர்ப்புக்குள்ளே மேற்கோள் காட்டும் சட்டப் பிரிவு பிரெஞ்சில். கடைசி அப்பீல் இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. சைட்டில் பேச்சு கிரியோலில், கம்பி கட்டுகிறவர்களிடையே தமிழிலும் வங்காளியிலும். ஒரே வேலைக்கு இத்தனை மொழி.

இந்தத் தீவில் கட்டடமும் தமிழும் சேர்ந்தே வந்தவை. 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தோனே, போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக எழுப்பப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் வந்ததற்கு நூறு வருஷம் முந்திய கதை அது. அவர்கள் கையால் எழுந்த ஊரில் நின்றுகொண்டு, கட்டுகிறவனுக்கும் கட்டுவிக்கிறவனுக்கும் சட்டம் என்ன தருகிறது என்று தெரியாமல் நாம் கையெழுத்துப் போடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே நான் சொல்லும் ஃபிடிக் எண்களெல்லாம் 1999ஆம் வருஷப் பதிப்பில் உள்ளவை. அதன் 1.4ஆம் பிரிவு, பின்னிணைப்பில் குறிப்பிட்ட நாட்டின் சட்டம் இந்த ஒப்பந்தத்தை ஆளும் என்கிறது. பின்னிணைப்பைத் திருப்பினால் அங்கே ஒரு காலி இடம். அதில் ‘மொரீஷியஸ்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுகிறோம். அந்த ஒரு வார்த்தை கோட் சிவில் மொத்தத்தையும் உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறது. எழுதுகிற பலருக்கு அது தெரிவதில்லை.

மண்டபத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 365 நாள் என்பது ஃபிடிக்கின் எண்ணப்படி காண்டிராக்டர் திரும்பி வந்து, தன் செலவில் குறையைச் சரிசெய்து கொடுக்க வேண்டிய காலம். அது முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பார்கள். அதோடு எல்லாப் பொறுப்பும் தீர்ந்துவிட்டது என்று ஃபிடிக்கே சொல்லவில்லை. நிறைவேறாத கடமைகள் சான்றிதழுக்குப் பிறகும் நிற்கும் என்று 11.10ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் இருந்தால், சாதாரண ஒப்பந்தத்துக்கு ஆறு வருஷம், முத்திரைப் பத்திரமாக எழுதியதற்குப் பன்னிரண்டு வருஷம் வரை வழக்குப் போடலாம். இங்கே 1792. பிரெஞ்சு நீதிமன்றங்கள் இந்தப் பத்து வருஷப் பொறுப்பை, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட முடியாத பொது ஒழுங்கு விதியாகவே பார்த்து வந்திருக்கின்றன. மொரீஷியஸ் நீதிபதிகள் இப்படிப்பட்ட விஷயத்தில் பிரெஞ்சுத் தீர்ப்புகளை வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆகவே 365 நாளை 30 நாளாகக் குறைத்து எழுதினாலும் உத்திரம் வெடித்தால் பத்து வருஷம்தான் கணக்கு.

மண் விஷயத்தில் மோதல் இன்னும் கூர்மை. அனுபவமுள்ள காண்டிராக்டராலும் முன்கூட்டி அறிய முடியாத நிலத்தடி நிலைமை வந்தால், நேரத்தையும் செலவையும் வேலை கொடுத்தவர் தாங்க வேண்டும் என்பது ஃபிடிக் 4.12. கோட் சிவிலோ மண்ணின் குறையானாலும் கட்டியவர் பொறுப்பு என்கிறது. இரண்டும் ஒரே கேள்விக்கு வந்த பதில்கள் அல்ல. ஒன்று வேலை நடக்கும்போது தோண்டுகிற செலவைப் பற்றியது, மற்றது கட்டி முடித்த பிறகு கட்டடம் நிற்பதைப் பற்றியது. ஆனால் எரிமலைப் பாறையும் களிமண்ணும் மாறி மாறி வரும் இந்தத் தீவில் இரண்டு கேள்வியும் ஒரே குழியில்தான் சந்திக்கின்றன. அடியில் கிடைத்தது என்ன, அதற்கு அஸ்திவாரத்தை எப்படி மாற்றினோம், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று அன்றே படத்தோடு எழுதி வைப்பது காண்டிராக்டருக்குப் பத்து வருஷத்துக்கான பாதுகாப்பு.

இன்சூரன்ஸும் இதோடு சேர்ந்தது. பிரான்சின் பகுதியாகவே இருக்கும் பக்கத்துத் தீவான ரீயூனியனில் 1978ஆம் வருஷப் பிரெஞ்சுச் சட்டம் பத்து வருஷப் பொறுப்புக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் நமக்கு இல்லை. ஃபிடிக் கேட்கிற காப்பீடோ வேலை நடக்கும் காலத்துக்கும் பழுது பார்க்கும் காலத்துக்கும் உரியது. மீதி ஒன்பது வருஷத்துக்குப் பொறுப்பு இருக்கும், அதைத் தாங்கப் பணம் இருக்காது. கம்பெனியை மூடிவிட்டுப் போனவரிடம் 1792ஐக் காட்டி என்ன செய்வது? விலை பேசும்போதே பத்து வருஷ பாலிசியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள் என்று எல்லாக் கமிட்டிக்கும் சொல்லி வருகிறேன்.

அடுத்தது தாமத அபராதம். நாளுக்கு இருபதாயிரம் ரூபாய் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே எண், மூன்று நாட்டில் மூன்று விதமாக நடக்கும். இங்கிலாந்தில், 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, வேலை கொடுத்தவரின் நியாயமான அக்கறைக்குப் பொருந்தாத அளவு மிகையாக இருந்தால் அந்த விதியே செல்லாது, இல்லையென்றால் அப்படியே செல்லும். நடுவழி கிடையாது. இந்தியாவில், 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை வெறும் உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். மொரீஷியஸில் 1152ஆம் பிரிவு நீதிபதி கையில் தராசைக் கொடுக்கிறது. வெளிப்படையாக மிகையாக இருந்தால் குறைக்கலாம், வெளிப்படையாக அற்பமாக இருந்தால் கூட்டலாம், இதை விலக்கி ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. ஃபிடிக்கில் அபராதத்துக்கு உச்ச வரம்பு போட்டுவிட்டோம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது என்று நிம்மதியாக இருக்கும் காண்டிராக்டர்கள் அந்த ‘கூட்டலாம்’ என்ற சொல்லை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அபராதம் எந்த நாளிலிருந்து ஓடும் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோட் சிவிலின் பொது விதிப்படி, தேதி தாண்டியதால் மட்டும் கடனாளி தவறியவர் ஆகிவிட மாட்டார். அவருக்கு முறைப்படி ‘மிசாந்தெமர்’, அதாவது கடமையை நிறைவேற்று என்று கேட்கும் அறிவிப்பு, போக வேண்டும். கோர்ட் அமீனா வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் அந்தக் காகிதத்தை இந்தத் தீவில் தெரியாதவர் இல்லை. அறிவிப்பே வேண்டாம், தேதி முடிந்தாலே தவறியதாக அர்த்தம் என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இங்கிலீஷ் மாதிரியில் அந்த வாக்கியம் இருக்காது, ஏனென்றால் அங்கே அது தேவையில்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சேர்க்காததால் இரண்டு மாத அபராதத்தை இழந்த ஒருவருக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தொகையைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஊரிலிருந்து ஒப்பந்தத்தை அப்படியே எடுத்து வருவதும் நடக்கிறது. இந்தியக் கம்பெனிகள் இங்கே பெரிய வேலைகள் செய்கின்றன, மெட்ரோ எக்ஸ்பிரஸை லார்சன் அண்ட் டூப்ரோ கட்டியது எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனிக்குச் சட்டப் பிரிவு உண்டு. அவர்களுக்குக் கீழே வேலை எடுக்கும் சின்னவர்கள்தான் சென்னையில் பழகிய தாளில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். கோரிக்கை எழுந்த 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்பது ஃபிடிக் 20.1. இப்படிக் காலக்கெடு வைத்து உரிமையை அழிக்கும் விதி செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு 1997 முதல் சொல்வதால், அங்கே அதை எதிர்த்து வாதாட இடமுண்டு. அந்தப் பிரிவு விமானம் ஏறி இங்கே வராது. இங்கே கையில் இருப்பது 1134: ஒப்பந்தம் செய்தவர்களுக்கு அதுவே சட்டம், அதை நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும். தாமதத்துக்குத் தானே காரணமாக இருந்து, சைட் டைரியில் தன் எஞ்சினியரே அதை எழுதியும் வைத்திருந்து, பிறகு 28 நாள் தாண்டிவிட்டது என்று கதவைச் சாத்துவது நல்லெண்ணமா என்று இங்கே கேட்கலாம். ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படியொரு பொதுக் கடமை இல்லை. இருந்தாலும் என் யோசனை, 28 நாளுக்குள் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். நல்லெண்ணத்தை நிரூபிக்க ஆகும் செலவு அதிகம்.

சரி, இங்கிலீஷ் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம், ரீயூனியன்காரர்கள் பிரெஞ்சுச் சட்டத்துக்கு ஏற்பத் தயாரித்ததை வாங்கிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2016இல் பிரான்ஸ் தன் ஒப்பந்தச் சட்டத்தையே திருத்தி எழுதியது. பழைய 1134, 1152 எண்கள் அங்கே இப்போது அந்த இடத்தில் இல்லை. நாம் பழைய எண்களோடும் பழைய விதிகளோடும் இருக்கிறோம். எண் மாறினால் திருத்திக்கொள்ளலாம், உள்ளடக்கமும் மாறியிருக்கிறது. கையெழுத்துப் போட்டபோது யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நிலைமை மாறி, வேலை தாங்க முடியாத செலவாகிவிட்டால் திரும்பப் பேசச் சொல்லிக் கேட்கலாம், முடிவில் நீதிபதியும் திருத்தலாம் என்று புதிய 1195ஆம் பிரிவு ரீயூனியனில் இருப்பவருக்குச் சொல்கிறது. நமக்கு இன்னும் 1876ஆம் வருஷக் கிராப்போன் கால்வாய் வழக்கின் நிழல்தான். காலம் எவ்வளவு மாறினாலும் நீதிபதி விலையைத் தொட மாட்டார் என்று பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அன்று தீர்த்தது. இருநூறு கிலோமீட்டர்கூட இல்லாத கடல்தான் இரண்டு தீவுக்கும் நடுவில்.

சிமென்ட், கம்பி எல்லாம் கப்பலில் வரும் நாடு இது. கோவிட் காலத்துக்குப் பிறகு கப்பல் வாடகை ஏறியபோது எத்தனை சின்னக் காண்டிராக்டர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஃபிடிக்கில் விலை மாற்றத்துக்கு 13.8 இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதற்குரிய அட்டவணையை நிரப்பியிருந்தால்! அட்டவணை இல்லாவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. டெண்டர் கட்டில் அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். சட்டமும் காப்பாற்றாத இடத்தில், அந்த ஒரு பக்கத்தை நிரப்பச் சொல்லி டெண்டருக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

புயலைப் பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சு வழிச் சட்டத்தில் தவிர்க்க முடியாத நிகழ்வு என்றால் அது எதிர்பாராததாகவும் இருக்க வேண்டும். நவம்பரிலிருந்து மே வரை புயல் பருவம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த தீவில், ஜனவரிப் புயல் எதிர்பாராதது என்று வாதாடுவது எளிதல்ல. ஃபிடிக் 19ஆம் பிரிவு புயலைப் பெயர் சொல்லிப் பட்டியலில் வைத்திருப்பது காண்டிராக்டருக்கு நல்லது. அதிலும் கூடுதல் நாள் மட்டும்தான் கிடைக்கும், பணம் கிடைக்காது.

இதுவரை சொன்னது நாற்பது பக்கக்காரர்களுக்கு. வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத் தாளில் மொத்த விலை பேசிக்கொள்கிறார்கள். 1960இல் கரோல் புயல் வீடுகளைப் பிய்த்துப் போட்ட பிறகு கான்கிரீட் கூரைதான் இங்கே வீட்டுக்கு அடையாளம், ‘டால்’ என்கிற அந்தக் கூரைத் தளம் போடும் நாள் குடும்பத்துக்கே விசேஷம். மாமன் மச்சான் பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து வாளி மாற்றுவார்கள், வேலை முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. அந்த உற்சாகத்தில்தான், “மேலே ஒரு ரூமுக்கும் சேர்த்துக் கம்பி விட்டுடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். காண்டிராக்டரும் தலையாட்டிவிடுவார். 1793ஆம் பிரிவு இதைக் குறிவைத்தே எழுதியது போல இருக்கும். படத்தின்படி மொத்த விலைக்கு ஒப்புக்கொண்டவர், கூலி ஏறியது, சாமான் விலை ஏறியது, வேலை கூடியது என்று கூடுதல் பணம் கேட்க முடியாது. மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கான விலையும் வீட்டுக்காரரோடு பேசி முடித்திருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி மூன்று தூணுக்குக் கூடுதல் கம்பி போட்ட மேஸ்திரிக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு நோட்டுத்தாள் போதும்: என்ன வேலை, எவ்வளவு ரூபாய், தேதி, வீட்டுக்காரர் கையெழுத்து.

கூலிக்கு வேலை செய்பவர் பக்கமும் கோட் சிவில் ஒரு கதவு வைத்திருக்கிறது. 1798ஆம் பிரிவுப்படி, காண்டிராக்டர் கூலி தராமல் போனால் கொத்தனார், தச்சர் முதலான வேலையாட்கள் கட்டட உரிமையாளரிடமே நேராகக் கேட்கலாம். வழக்குப் போடும் நேரத்தில் உரிமையாளர் காண்டிராக்டருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவோ அதுவரைக்கும். ஃபிடிக்கில் இது கிடையாது. ஊரிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் நம் பையன்களில் இதைக் கேள்விப்பட்ட ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. கட்டுவிக்கிற கமிட்டிக்காரர்களுக்கும் இது முக்கியம். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் கூலி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மண்டபத்து விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை. வக்கீல் 1792ஐ மேற்கோள் காட்டி அனுப்பிய அறிவிப்பு போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் காண்டிராக்டர் தன் எஞ்சினியரோடு வந்தார். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, பூச்சை உடைத்துப் பார்த்தால், தூண் ஓரத்தில் வளையக் கம்பிகள் வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு இடைவெளியில் கிடந்தன. சுற்றிக் கம்பி கட்டி மேலே கான்கிரீட் போர்த்தித் தன் செலவிலேயே முடித்துக் கொடுத்தார்.

இப்போது அதே கமிட்டி கோபுர வேலையை எடுத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஸ்தபதியோடு ஒப்பந்தம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊரில் தட்டச்சு செய்து அனுப்பிய தாளில் இந்தியச் சட்டம் என்றிருந்தது. வேலை இங்கே, கட்டடம் இங்கே, அதனால் மொரீஷியஸ் என்று மாற்றினோம். அப்போதுதான் 1795ஆம் பிரிவைத் தலைவருக்குப் படித்துக் காட்டினேன்: வேலையை ஏற்றவர் இறந்தால் ஒப்பந்தம் அத்தோடு கலைந்துவிடும். ஓவியர் இறந்தால் அவர் வரையவிருந்த படத்துக்கான ஒப்பந்தமும் முடிந்துபோகும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவும் உதாரணம் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு சட்டமும் ஒரே பக்கம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஸ்தபதி ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயசு தம்பி. அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது?”

நான்தான் போன் பண்ணினேன். பெரியவர் முழுதாகக் கேட்டுவிட்டு, “என் மகன் பேரையும் சேர்த்து எழுதிக்குங்க, அவன்தான் கோபுரம் முடியற வரைக்கும் நிப்பான்” என்றார். எட்டாவது பிரிவில் அந்த வாக்கியத்தைச் சேர்த்து, இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம் விட்டு அனுப்பியிருக்கிறேன்.